தலைவலி என்னும் அனுமதிச்சீட்டு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பெரும்பாலும் எரிச்சலில் சொல்வது; ‘உனக்கும் வரட்டும், அப்போது பார்’ என்கிற சாபம் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. இன்னொருவர் உடம்புக்குள் நடப்பதை நான் அறிய வழியில்லை என்றால், அவர் சொல்வதை எதை வைத்து நம்புவது? எலைன் ஸ்கேரி 1985இல் வந்த தன் நூலில் இதை எடுத்துப் பேசினார்: வலிப்பவருக்கு ஐயமே இல்லாத ஒன்று, கேட்பவருக்கு ஐயமாகவே வந்து சேர்கிறது. யாருடைய வலி உடனே நம்பப்படுகிறது, யாருடையது விசாரிக்கப்படுகிறது என்று மட்டும் பழமொழி கேட்பதில்லை.

ஒற்றைத் தலைவலியில் இந்தச் சிக்கல் இன்னும் முறுகுகிறது. சிலருக்கு வலிக்கு முன்னால் காட்சி வருகிறது. மருத்துவர்கள் இதை ஆரா என்கிறார்கள். எனக்கு வருவது இந்த வகை. வருகைப்பதிவேட்டில் ஒரு பெயரை வாசிக்கும்போது அதன் நடுவெழுத்து இருக்காது. அழிந்திருக்காது, கறுப்பாகவும் இருக்காது. அந்த இடமே இல்லாததுபோல் இருக்கும். பிறகு அந்த ஓட்டையின் விளிம்பில் ரம்பப்பல் போன்ற கோடு மினுங்கத் தொடங்கும். பிறை வடிவில் வளர்ந்து, ஓரத்துக்கு நகர்ந்து, இருபது முப்பது நிமிடங்களில் பார்வையைவிட்டு வெளியேறிவிடும். ஒரு கண்ணை மூடினாலும் போகாது. கண்ணில் இருந்தால்தானே போக! அது மூளையின் பின்பகுதியில், பார்வைக்கான புறணியில் நடப்பது. கார்ல் லாஷ்லி தனக்கு வந்த காட்சியை அளந்து, அது மூளைப்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுவதாக 1941இல் கணக்கிட்டார். 1944இல் அரிஸ்டிடிஸ் லேயோ முயல்களின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் ஊரும் ஓர் அலையைக் கண்டார்.

காட்சி முடிந்ததும் வலி வரலாம். வராமலும் போகலாம். அப்படி வராதபோது அதற்குத் தமிழில் என்ன பெயர்? தலைவலி இல்லாத ஒற்றைத் தலைவலி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்டையிடி, பொட்டுத்தெறிப்பு என்று வலிக்கு நம்மிடம் சொல் நிறைய உண்டு. இந்த மினுக்கத்துக்கு இல்லை. வீட்டில் யாரிடமாவது ‘எழுத்து நடுவுல காணாமப் போவுது’ என்றால் ‘கண்ணாடியை மாத்து’ என்பதே பதில்.

ஹூபர்ட் எய்ரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தனக்குத் தெரிந்த இந்தக் கோடுகளை, கோட்டை மதில்போல் வளைந்து வளைந்து பெரிதாவதை, படமாக வரைந்து 1870இல் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். அவருடைய தந்தை, அரசு வானியலாளர் ஜார்ஜ் எய்ரி, 1865இலேயே தன் அனுபவத்தை எழுதியிருந்தார். இருவரிடமும் யாரும் சாட்சி கேட்கவில்லை. சொன்னதே தரவு ஆனது. இதற்கு நேர்மாறாக, பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் தான் கண்ட ஒளிகளை எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டில் சார்லஸ் சிங்கர் அவற்றை ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகளாக வாசித்தார். சரியாகவும் இருக்கலாம். ஆனால் எய்ரி தன் நோயைத் தானே விளக்கினார், ஹில்டெகார்டை இன்னொருவர் விளக்கினார் என்ற வித்தியாசம் என்னை உறுத்துகிறது.

பெண் ‘தலை வலிக்கிறது’ என்றால் ஏன் சந்தேகம் வருகிறது? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெண்கள் அந்தச் சொல்லைப் பொய்யாகவும் சொல்கிறோம். இரவில் கணவனின் கையை விலக்க, விசேஷ வீட்டில் உறவினர் கேள்விகளிலிருந்து தப்ப, ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க. ‘எனக்கு விருப்பமில்லை’ என்பது ஏற்கப்படாத வீட்டில் ‘தலைவலி’ மட்டும் அனுமதிச்சீட்டாகச் செல்லுபடியாகிறது. அதை வைத்துத்தான் மேடைதோறும் நகைச்சுவை செய்கிறார்கள். பொய் சொல்வது தவறு, அதனால் மெய்யாக வலிப்பவளின் சொல் மதிப்பிழக்கிறது என்று வாதிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மறுப்புக்கு நோய்ச்சான்று கேட்கும் வீடுதான் அந்தப் பொய்யைத் தயாரிக்கிறது. அதன் விலையைத்தான் இன்னொரு பெண் கொடுக்கிறாள்: ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்களுக்கு இந்த நோய் வருகிறது.

அடுத்தது, தூண்டுபவை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஒரே நேரத்தில் தூங்கி எழுங்கள், கூசும் வெளிச்சத்தையும் கடும் வாசனையையும் தவிருங்கள், மன அழுத்தம் வேண்டாம். மருத்துவ ரீதியில் தவறு சொல்ல முடியாத அறிவுரை. ஆனால் தன் நேரம் தன் கையிலிருக்கும் ஒருவருக்காக எழுதப்பட்டது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவளுக்கு, வெள்ளிக்கிழமை விரதக்காரிக்கு, தலைக்குக் குளித்த ஈரக்கூந்தலை அப்படியே முடிந்துகொண்டு பேருந்துக்கு ஓடுபவளுக்கு அது என்ன சொல்கிறது? (ஈரத்தலை விஷயம் பாட்டி கதையில்லை; இந்திய மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள்.) மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் சரிவதும் ஒரு தூண்டல். அதை எந்த அட்டவணை போட்டுத் தவிர்ப்பது?

பட்டியல் வீட்டுக்கு வந்ததும் குற்றப்பத்திரிகையாக மாறிவிடுகிறது. ‘டீ குடிக்காதேன்னேன்ல’, ‘ராத்திரி முழிச்சு எழுதுனா இப்படித்தான்’. இரவில் விழித்து எழுதுவது அதில் முதலில் அடிபடும். இரவில் விழித்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஏனோ அடிபடுவதில்லை. இத்தனைக்கும் காரணகாரியம் அவ்வளவு நேர்கோடானதல்ல. பரம்பரையாக வரும் ஒரு நரம்பியல் தன்மை அடியில் இருக்கிறது; அதே பசி ஒருநாள் தூண்டும், மறுநாள் ஒன்றும் செய்யாது. இன்னொன்று: காட்சி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே சிலருக்குக் கொட்டாவி, எரிச்சல், இனிப்பின்மேல் ஆசை, வெளிச்சக்கூச்சம் வருவதுண்டு. அப்படியானால், சாக்லேட் தின்றதால் தலைவலி வந்ததா, தலைவலி உள்ளே தொடங்கிவிட்டதால் சாக்லேட் தேடினாளா? விளைவைக் குற்றமென்று பிடித்து வைத்திருக்கிறோமோ என்று மருத்துவ உலகிலேயே பேசுகிறார்கள். நாட்குறிப்பு எழுதுவதை நான் விடவில்லை. அது எனக்கான குறிப்பு, வாக்குமூலமில்லை.

நம்புவது மரியாதை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். இளம் வயதில் அது எண்ணிக்கையில் சிறிய ஆபத்துதான். புகைப்பழக்கமோ உயர் ரத்த அழுத்தமோ சேர்ந்தால் பெருகும். உலக சுகாதார நிறுவனம் இவர்களை நான்காம் பிரிவில், அதாவது இந்த மாத்திரையைப் பயன்படுத்தவே கூடாதவர்களாக வைத்திருக்கிறது. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் இருப்பதும் இதே வகை மாத்திரைதான். காப்பர்-டி போன்ற மாற்று இருக்கிறது. ஆனால் மாத்திரையை நீட்டுபவர் முதலில் கேட்டாக வேண்டும். ‘தலைவலி உண்டா?’ என்று கேட்டால் ‘அது யாருக்குத்தான் இல்லை’ என்று எந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ‘கண்ணுக்கு முன்னால ஏதாவது மினுங்கி, நெளிஞ்சு, பெருசாகிப் போகுமாம்மா?’ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவள் அதற்குச் சொல் தேடி முடிக்கும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.