பக்கவாதமும் தொழுகையின் நிலையும்

அல்லாஹுத்தஆலா நமக்குத் தந்திருக்கும் இவ்வுடல் நம் சொந்தச் சொத்தன்று, அமானத்து. இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்றுவந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் அவர்மீது உரிமையுண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியதை நாம் அறிவோம். அந்த உடலில் ஒரு பாதி வாதத்தால் விழுந்துவிட்டால், அப்போது அதன் உரிமை என்ன?

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் ஊர்களில் நாம் காண்பது இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியவரைக் கட்டிலில் கிடத்திவிடுகிறோம். அவர் எழ முயன்றால், "நீங்க எந்திரிக்காதீங்கத்தா, நாங்க இருக்கோம்ல" என்று பிள்ளைகள் தடுத்துவிடுகிறார்கள். பாசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாசம் அவரை மெல்ல மெல்ல முடக்கிவிடுகிறது.

கை கால் விழுந்தது கண்ணுக்குத் தெரிகிற சேதம். படுத்தே கிடப்பதால் இருதயமும் நுரையீரலும் தசைகளும் உழைக்கும் வலிமையை இழப்பது தெரியாத சேதம். முழு மூச்சாய் உழைக்கும்போது உடல் பயன்படுத்தும் பிராணவாயுவை அளந்து பார்த்தால், வாதம் கண்டவர் பலரிடம் அது அதே வயதுடைய சுகவாசியின் அளவில் ஏறத்தாழப் பாதியே இருக்கிறது. காலை இழுத்து நடப்பதற்கோ சாதாரண நடையைவிடக் கூடுதல் பலம் வேண்டும். வரவு பாதி, செலவோ அதிகம்! ஆகவே நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்குகிறது. பயந்து உட்கார்ந்துவிடுகிறார். உட்கார உட்கார இருந்த பலமும் போய்விடுகிறது.

இதற்குப் பரிகாரம் நடையே. அமெரிக்க இருதய, பக்கவாதச் சங்கங்கள் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, வாரத்தில் 3 முதல் 5 நாட்கள், 20 முதல் 60 நிமிடங்கள் வரை என்கிறது. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், அதுவே அளவு. அவசரமும் ஆகாது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை அதிகமாக எழுப்பி நடமாடவிட்டது நன்மை தரவில்லை என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எப்போது தொடங்குவது என்பதை வைத்தியர் சொல்லவேண்டும்.

நம் பக்கத்து வெயிலுக்கு பஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னுமே ஏற்ற நேரம். செருப்பில்லாமல் நடக்கவிடாதீர்கள். உணர்ச்சி மங்கிய காலில் சீமைக்கருவேல முள் தைத்தாலும் அவருக்குத் தெரியாது.

இனி தொழுகைக்கு வருவோம். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். உட்காரும் சலுகை இயலாமைக்கு உரியது. இயலாமை குறையக் குறைய அதுவும் சுருங்கும். ஹனஃபி சட்டப்படி, சிறிது நேரமே நிற்க முடிந்தவர் அவ்வளவேனும் நிற்கவேண்டும். தடியிலோ சுவரிலோ சாய்ந்து நிற்க முடிந்தால் அப்படியே நிற்கவேண்டும். நிற்பதால் விழுந்துவிடுவார், குணமாவது தாமதப்படும் என்றிருந்தால் உட்காருவதில் குற்றமில்லை. முதல் மாதத்தில் தேவையாயிருந்த நாற்காலி ஆறாம் மாதத்திலும் தேவைதானா என்று கேட்டுப்பார்ப்பவர் எத்தனை பேர்? ஸுஜூதிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா என்பதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

ஐந்து வேளைத் தொழுகையே போதிய உடற்பயிற்சி என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். நாம் அதை ஏற்பதற்கில்லை. தொழுகை இபாதத்து. நிதானமான ரக்அத்துகள் இருதயத்தை நடை அளவுக்கு உழைக்க வைப்பதில்லை. பள்ளிக்கு நடந்து வருவதோ வேறு. பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலமா கூட்டத்தாரை, அவர்களின் காலடிகள் பதிவாகின்றன என்று சொல்லி நாயகம் (ஸல்) அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். இறுதி நோயில் அவர்களே இருவர்மீது சாய்ந்து, பாதங்கள் தரையில் இழுபட, பள்ளிக்கு வந்தார்கள்.

வீட்டாரின் அன்பு மட்டும் போதாது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 வாத நோயாளிகளைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், வீட்டாருக்கே பயிற்சி தந்து விட்டதால் ஆறு மாத முடிவில் மரணமோ, பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. தேர்ந்தவர் கை வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நடக்கையில் நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள். கூட நடக்கும் பிள்ளை விழுந்த கைப் பக்கமாகவே நடந்து வரட்டும்.