எழுதச் சொல், நிமிர்ந்து நின்று சொல்!

தம்பி, மெஷினில் விரல் நசுங்கியதும் துணியைச் சுற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், சின்னக் காயம்தான்" என்று சிரிக்கிறாயே, அந்தச் சிரிப்பை இன்றோடு விடு! மைசூரின் ஹெப்பாள், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் உற்பத்தி ஓடுவது உன் கையால். அந்தக் கையில் பட்ட காயத்துக்கு விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி கேட்க உனக்கென்ன கூச்சம்?

நீ நிற்பது மைசூர் மண். பழைய மைசூர் அரசின் கோலார் தங்கவயலில், வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர்கள் பாறையைக் குடைந்தார்கள். தூசி நுரையீரலில் படிந்து, மூச்சு முட்டிச் செத்தார்கள். யாரும் எழுதிவைக்காதவரை அது அவரவர் வீட்டு இருமல். 1934இல் இந்தியாவிலேயே முதலாவதாக அங்கே சிலிக்கோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோய் பதிவானது. 1940இல் மைசூர் அரசு தனி விதிகளே போட்டு, அந்த நோயைக் கண்டால் தெரிவித்தே ஆகவேண்டும் என்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் நோயாளிகள்! அந்தக் கணக்கை இனி எவராலும் மறைக்க முடியாது.

இன்று உனக்குச் சட்டமே துணை. காயத்தால் 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனால் நிர்வாகம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அப்படிச் சொன்னது; 2020இன் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவன் விபத்தை வாயால் சொன்னாலே போதும். நீ மயங்கிக் கிடந்தால் பக்கத்து மெஷின்காரன் சொல்லலாம்.

"வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிடு" என்பார்கள். சொல்லாதே! வேலையில் பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ.யில் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நேற்றுச் சேர்ந்தவனுக்கும் உண்டு. சாதாரண நோய்க்கு 70 சதவீதம்தான், அதற்கும் சந்தா கட்டிய நாட்கணக்கு வேண்டும். விரல் போயிருந்தால் ஆயுள் முழுதும் வரவேண்டிய உதவித்தொகையையும் அந்த ஒரு பொய் பறித்துவிடும்.

ரத்தம் வராத காயமும் உண்டு. தறிச் சத்தத்தில் காது மந்தமாகிறதா? இரைச்சலால் வரும் செவிக்குறையும் அறிவிக்க வேண்டிய தொழில் நோய்தான். கண்டறியும் மருத்துவருக்கும் அந்தக் கடமை உண்டு. பேச்சு, செவித்திறனுக்கான அகில இந்திய நிறுவனம் 1965 முதல் உன் மைசூரிலேயே இருக்கிறது; இப்போது மானசகங்கோத்ரியில். போய்க் காதைச் சோதித்துக்கொள்.

கான்ட்ராக்ட் ஆள் என்று ஒதுங்காதே. நாளை ஷிஃப்டுக்குப் போனதும் அந்த விபத்துப் பதிவேடு எங்கே என்று கேள். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை வாசிக்கச் சொல். பெயர், நேரம், இடம், சாட்சி எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடு!