வாயில் பிறந்து கண்ணில் வாழ்வது

நாக்கால் உங்கள் கன்னத்தின் உள்பக்கத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். வழவழவென்று, ஈரமாக ஒரு சவ்வு. அதைக் கண்ணில் வைத்துப் பார்வை வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால், ‘போய்யா’ என்பீர்கள்தானே?

ஜப்பானில் வரவழைத்தார்கள். கோஜி நிஷிடா என்ற கண் டாக்டரும் அவரது குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. நான்கு நோயாளிகள். இரண்டு கண்களிலும் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அடியோடு போனவர்கள். அடுத்தவர் செல்லை வைத்தால் உடம்பு சண்டைக்கு வரும். அதனால் அவரவர் வாயிலிருந்தே 3 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். லேபில், 37 டிகிரி சூட்டில், இரண்டு வாரம் வளர்த்தார்கள். கூடவே இருந்து ஊட்டி வளர்த்த ஆயா யார் தெரியுமா? எலியின் செல்கள்! தட்டை 20 டிகிரிக்குக் குளிரவைத்ததும், வளர்ந்த செல்கள் ஒரே ஏடாகக் கழன்று வந்தன. தையல்கூடப் போடாமல் கண்ணில் ஒட்டினார்கள். ஒரு வாரத்தில் கருவிழி மூடிக்கொண்டது. நான்கு பேருக்குமே பார்வை முன்பைவிடத் தெளிந்தது. 2021-ல் இந்தச் சிகிச்சைக்கு ஜப்பான் அரசே அனுமதி கொடுத்துவிட்டது.

சரி, இப்போது என் கேள்விக்கு வருகிறேன். கண்ணில் உட்கார்ந்திருக்கும் அந்தச் செல், வாயா? கண்ணா?

நம் உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே சமையல் புத்தகம்தான். சுமார் 20,000 ஜீன்கள் என்றால் 20,000 சமையல் குறிப்புகள். எந்தச் செல் எந்தப் பக்கத்தைத் திறந்து சமைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். மரபணு வெளிப்பாடு என்கிறார்களே, அது இதுதான். கண்ணும் வாயும் வேறு வேறு பக்கங்களைத் திறக்கின்றன.

மனிதர்களுக்கு முன்னால் முயல்களின் வாய்ச் செல்லைத்தான் வளர்த்துப் பார்த்தார்கள். கருவிழிச் செல் தயாரிக்கிற கெரட்டின் 3 என்ற புரதம் அதில் இருந்தது. வாயில் இருக்கும்போதே அதைச் சமைத்துப் பழகிய செல்தான் அது. ஆனால் கெரட்டின் 12 என்று ஒன்று உண்டு. கருவிழியின் தனி முத்திரை. வாய்ச் செல்லில் பொதுவாக அது வருவதில்லை. இடம் மாறிய பிறகும் அது பெரும்பாலும் வாய்ச் செல்தான். ஆனாலும் கண்ணின் வேலையைப் பார்க்கிறது!

நான் படித்தது பி.காம். அங்கே ஒரு பாடம் உண்டு. ஹயர் பர்ச்சேஸில் லாரி வாங்குகிறீர்கள். கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி அது உங்களுடையதல்ல. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது உங்கள் சொத்தாகத்தான் ஏறும். ஏன்? ஓட்டுவது நீங்கள், சம்பாதிப்பது நீங்கள், ரிப்பேர் செலவும் உங்களுடையது. பேப்பர் என்ன சொல்கிறது என்பதைவிட, நடப்பு என்ன என்பதுதான் முக்கியம்.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் நாம் பேப்பரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். தத்துப் பிள்ளை பெற்றவர்களை இருபது வருடம் தாங்கியிருப்பான். ‘என்ன இருந்தாலும் சொந்த ரத்தமா?’ என்று ஒரு குரல் வரும். அதாவது, கெரட்டின் 12 எங்கே?

இதற்கு நேர்மாறான கொடுமையும் உண்டு. ‘இங்கே வந்துட்டே இல்ல, பழசையெல்லாம் மறந்துடு.’ மருமகளிடம் சொல்கிறோம். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவனிடம் சொல்கிறோம். பிள்ளை தன்னைப் பெற்றவளைப் பற்றிக் கேட்டால் வீடே பதறுகிறது. வாயை மறந்தால்தான் கண்ணுக்கு உழைக்க முடியும் என்று அந்தச் செல்லிடம் யாரும் நிபந்தனை போடவில்லையே!

‘பழைய புத்தி போகாது சார்’ என்பீர்கள். உண்மைதான். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கருவிழி ஓரத்தில் ரத்தக் குழாய்கள் முளைப்பதுண்டு. நல்ல கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்காக டாக்டர்கள் ஏட்டை உரித்து எறிவதில்லை. கவனிக்கிறார்கள், வைத்தியம் பார்க்கிறார்கள், பார்வை கிடைத்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

செல்லையும் மனிதனையும் ஒன்றாக வைக்கலாமா என்றால், முழுக்க முடியாது. செல்லுக்கு அவமானம் தெரியாது. ‘நீ இந்த இடத்து ஆள் இல்லை’ என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். மனிதன் அப்படி இல்லை. பத்து தடவை சொன்னால் போதும், உள்ளுக்குள் நொறுங்கிவிடுவான். அதனால்தான் செல்லைவிட அவனிடம் நாம் கூடுதல் ஜாக்கிரதையாகப் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஆபீஸிலும் வேறெங்கோ பிறந்து வந்து உங்களுக்குக் கண்ணாக இருப்பவர் யாராவது இருப்பார். அவரிடம் நீங்கள் கடைசியாகக் கேட்டது என்ன? ‘எப்படி இருக்கே’ என்றா, ‘நீ எங்கேயிருந்து வந்தவன்’ என்றா?