மலிவு யாருக்கு?

வெளிநாடு சென்று திரும்புவோர் உணவு விலையைப் பற்றிப் பேசாதிருப்பது அரிது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஒருவேளை உணவு கொள்ளை விலை என்பர். பினாங்கில் எல்லாம் மலிவு என்பர். மளிகைக் கடையில் அரிசி, எண்ணெய் ஆகியவற்றின் விலையிலும் வேற்றுமை உண்டு. ஆயினும் உணவகத்தில் காணும் அளவுக்கு இல்லை. ஏன்?

அரிசியும் எண்ணெயும் கப்பலேறி நாடுவிட்டு நாடு செல்லும். சமைக்கும் கையும் பரிமாறும் கையும் அவ்வாறு செல்வதில்லை. வாடகையும் வரியும் ஒருபுறமிருக்க, உணவக விலையில் கணிசமான பகுதி உழைப்பின் விலை. ஜெனீவா மக்கள் 2020இல் வாக்களித்து, குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 23 பிராங்க் என விதித்தனர். அது நூறு ரிங்கிட்டுக்கும் மேல். மலேசியாவில் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆயிற்று. கணக்கிட்டால் மணிக்குப் பத்து ரிங்கிட்டும் தேறாது.

ஆகவே நாம் மலிவு எனப் போற்றுவது, பிறர் பெறும் குறைந்த கூலியையும் சேர்த்தே. அதற்காக மலிவான உணவை உண்ணுதல் பிழையாகாது. நாம் செலவிடும் பணமும் ஒருவருக்குப் பிழைப்பு. ஆனால் குறைந்த விலையிலும் பேரம் பேசுவதும், நல்ல கூலி தரும் ஊரைக் கொள்ளைக்கார ஊர் எனத் தூற்றுவதும் அறமாகா.

விலைகளை ஒப்பிட விரும்பும் மாணவர் நாணய மாற்றோடு நின்றுவிடலாகாது. பரிமாறியவர் அந்த உணவைத் தாமே வாங்கியுண்ண எத்தனை மணி நேரம் உழைக்கவேண்டும் என்றும் கணக்கிடல் வேண்டும்.