யாரும் பார்க்காத ஊரில்

படிப்பு முடிந்ததும் லண்டன் பக்கம் போகலாமா என்று நம்மில் பலர் யோசிக்கிறோம். சம்பளம், வாடகை, குளிர் என்று கணக்குப் போடுகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கு: நம்மை யாருக்குமே தெரியாத ஊரில் நாம் எப்படி நடந்துகொள்வோம்?

பாயா ரும்புட்டில் கடைக்குப் போனாலே, "நீ யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்க ஓர் ஆன்ட்டி இருப்பார். ராத்திரி லேட்டா வந்தால் விடிவதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். சுமார் 90 லட்சம் பேர் வாழும் லண்டனில் இந்தக் கண்கள் கிடையாது. அது ஒரு விடுதலைதான். பிரிட்டிஷ் மியூசியத்தைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 1863-லேயே ஓடத் தொடங்கிய, உலகின் முதல் பாதாள ரயிலில் ஏறி, கார் இல்லாமலே ஊரைச் சுற்றலாம். என்னைப் போன்ற பொறியியல் மாணவனுக்கு அதுவே ஒரு பாடம்.

கஷ்டமும் அதே இடத்தில்தான் இருக்கு. டிசம்பரில் சாயங்காலம் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவர பக்கத்து வீட்டு அக்கா இல்லை. நம்மை நோட்டம் விடுகிற அதே கண்கள்தானே இங்கே நம்மைக் கவனித்தும் கொள்கின்றன?

1888-ல் காந்தி சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 18. கடல் தாண்ட முடிவு செய்ததற்காகச் சாதிப் பெரியவர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். மது, மாமிசம், பெண்களைத் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தார். அதை மீறினாலும் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் காப்பாற்றினார். எப்படி? அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை. சைவ உணவகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார், சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்தார். பகவத் கீதையை அவர் முதன்முதலில் படித்ததும் லண்டனில்தான், அதுவும் இரண்டு நண்பர்கள் கூப்பிட்டதால். மனஉறுதியோடு நல்ல துணையும் வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

நம்ம மலாக்காவும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பெருநகரம்தான். இங்கே 84 மொழிகள் கேட்டன என்று 16-ஆம் நூற்றாண்டில் தோமே பிரெஸ் எழுதினார். அன்று வாணிபத்துக்கு வந்த தமிழர்களின் வழிவந்த செட்டி சமூகத்தினர் இன்று வீட்டில் பேசுவது மலாய். மொழி போனது, ஆனால் பொங்கல் போகவில்லை. 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. பலர் கூடிச் செய்தது நிலைத்தது. 1981-ல் லண்டன் விம்பிள்டனில் கணபதி கோயில் எழுந்ததும் அதே வழியில்தான்.

ஊர்க் கண்ணுக்குப் பயந்து ஒழுங்காக இருப்பது தர்மம் ஆகாது, வெறும் பயம். அதைத் தெரிந்துகொள்ள லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை. கதவைச் சாத்திய ஹாஸ்டல் அறையில் நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்தால் போதும். அங்கே நேராக இருப்பவன் எந்த ஊருக்கும் தைரியமாகப் புறப்படலாம்.