எந்தக் கசிவோடு வாழலாம்

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவரிடம் 1963-ஆம் வருடத்து எம்ஜிபி கார் ஒன்று இருக்கிறது. இருவர் மட்டும் உட்காரும், துணிக்கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை இந்த வகைக் கார்களை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகச் செய்தார்கள். பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். கார்கள் இன்னும் ஓடுகின்றன; ஓடுகிறவற்றில் பல கொஞ்சம் ஆயில் ஒழுகவும் செய்கின்றன. பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள்: ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லை. கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் குறையைக் குலப்பெருமையாக மாற்றிக்கொள்ளும் பேச்சு என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

பெரியவர் அப்படிச் சிரித்துத் தள்ளுகிறவர் இல்லை. வண்டியின் கீழே வைத்திருக்கும் தட்டில் வழக்கத்தைவிட அதிகம் சேர்ந்திருக்கிறது என்றதும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். விளக்குப் பிடிக்க நான் போனேன்.

ஆயில் சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. மேலே எங்கோ கசிந்தது இரும்பை ஒட்டியே வழிந்து, ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்பக்கம் நகர்ந்து, தாழ்ந்த ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து விழும். துளி விழும் இடத்தைப் பார்த்து ஸ்பேனரை எடுக்கிறவர் பெரும்பாலும் தவறான போல்டைத்தான் முடுக்குவார். அதனால் முதல் வேலை கழுவுவது. என்ஜினின் பக்கங்களில் படிந்திருந்த கறுப்புப் பிசுக்கைக் கரைத்துத் துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். வண்டியைச் சிறிது ஓட்டி வந்து பார்த்தோம். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு இறங்கியிருந்தது, இரண்டு இடங்களில்.

ஒன்று, என்ஜினின் இடப்பக்கம். அங்கே டாப்பெட்டுகளை மூடும் தகர மூடிகள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே தக்கையால் செய்த கேஸ்கெட். தக்கை காய்ந்து சுருங்கினால் ஆயில் கசியும். கசிகிறதே என்று போல்டை இன்னும் இறுக்கினால் தகரத்தின் நடு உள்ளே குழிந்து, ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். முன்பைவிட அதிகம் ஒழுகும். அதைப் பார்த்து மறுபடியும் இறுக்குவார்கள். முன்பு இந்த வண்டியை வைத்திருந்த யாரோ இதை விடாமல் செய்திருக்கிறார். பின்பக்க மூடி கிண்ணம் போல் குழிந்திருந்தது.

பெரியவர் முதலில் அந்த மூடியைத் தொடவே இல்லை. முன்பக்க மூடியிலிருந்து கிளம்பும் மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அது வெளியேற வழி வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு இளைத்திருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அப்போது கேஸ்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாயில் தார் போல் அடைத்திருந்ததைச் சுரண்டி எடுத்தபின்தான் கார்புரேட்டர்களையும் மேனிஃபோல்டையும் கழற்றினோம். மூடியைச் சமதளப் பலகையில் கவிழ்த்து மரச்சுத்தியலால் தட்டி நேராக்கி, புதுத் தக்கை வைத்து, கை சொல்லும் அளவுக்கு மட்டும் முடுக்கினார். அந்தக் கசிவு நின்றது. சூடான புகைக்குழாயில் ஆயில் தீயும் வாடையும் போயிற்று.

இரண்டாவது ஈரக்கோடு என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில். ‘இதை விட்டுவிடலாம்’ என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதில்தான் என் மனம் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து மூன்று பியரிங் என்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. அங்கே திருகுமரை போன்ற ஒரு சுருள் வெட்டு இருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது அது ஆயிலை உள்பக்கமே இழுத்துக்கொள்ளும். என்ஜின் நின்றதும் இழுக்க ஆள் இல்லை. மிச்சமிருப்பது நாலு துளி வெளியே வரும். 1964-இன் பிற்பகுதியில் ஐந்து பியரிங் என்ஜின் வந்தபோதுதான் ரப்பர் சீல் போட்டார்கள். இந்த வண்டியில் பழுதாகி ஒழுகவில்லை, அமைப்பே இப்படி. இன்னும் ஒரு விஷயம் காட்டினார். கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு துளை. அதில் ஆடும்படி விட்ட பிளவு ஊசி. வண்டியின் அதிர்வில் ஊசி ஆடிக்கொண்டே இருப்பதால் துளையில் அழுக்கு அடைக்காது, ஆயில் கிளட்ச் தட்டில் ஏறாமல் கீழே விழுந்துவிடும். ஒழுகும் என்று தெரிந்தே, எங்கே ஒழுகினால் கேடில்லை என்று யோசித்து வழி வைத்திருக்கிறார்கள். நிறுத்த முடியாததைத் திசை திருப்பி அனுப்புகிற இந்தப் புத்தி எனக்குப் பிடித்திருந்தது.

விட்டுவிடலாம் என்றாரே தவிர, அவர் விட்ட மாதிரி தெரியவில்லை. கிளம்புமுன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறார். ஊசி ஆடுகிறதா என்று விரலால் தட்டுகிறார். தட்டில் சேர்ந்ததைப் புட்டியில் ஊற்றி, நகராட்சிக் கழிவு மையத்தில் கொடுக்கிறார். இங்கே பிரிட்டனில் 2018 மே முதல், நாற்பது வருடம் கடந்த வண்டிகள் பெரிய மாற்றம் செய்யப்படாதவையாக இருந்தால் வருடாந்தரச் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. சாலையில் ஓடத் தகுதியோடு வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் உரிமையாளர் தலையில்தான். கசிவை நிறுத்த ஒரு நாள் வேலை போதும். கசிவோடு வாழ்வதுதான் தினப்படி வேலையாக இருக்கிறது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். முன்கோபி. ‘மனசு தங்கம், வாய்தான் அப்படி’ என்று ஊரே சொல்லும். அவர் சுபாவத்தை மாற்ற முயன்று குழிந்துபோன மூடிகள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அதனால் சகித்துக்கொள்வதே விவேகம் என்று எல்லோரும் முடிவு செய்தோம். முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் கத்திவிட்டு வந்த வீடுகளுக்கு மறுநாள் போய், வெற்றிலைத் தட்டை நகர்த்தி உட்கார்ந்து, சமாதானம் பேசிவிட்டு வந்தவர் பெரியம்மா. கல்யாண வீடுகளில் பெரியப்பாவுக்குத் தள்ளி இலை போட வைத்தவரும் அவரே. நாங்கள் சகித்தோம் என்று சொல்லிக்கொண்டதற்கு உழைத்தது ஓர் ஆள். பெரியப்பாவோ ஒருநாளும் தட்டு இருப்பதைக்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் வண்டிக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார். மேட்டில் ஏறும்போது என்ஜின் இரைந்தும் வண்டி இழுக்காமல் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால், அன்றே என்ஜினை இறக்கிவிடுவாராம். இந்தக் காரில் கிளட்சைத் தொடுவதற்கே என்ஜின் வெளியே வந்தாக வேண்டும். அவர் வயதுக்கு அது லேசான வேலையில்லை, செலவும் கையைக் கடிக்கும். ஆனாலும் கோடு போட்டுவிட்டார். பெரியப்பா விஷயத்தில் அப்படி ஒரு கோட்டை யாரும் போடவில்லை. அதைப் பெரியம்மாதான் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். அந்த வேலையையும் அவர் தலையிலேயே கட்டுவதாகத்தான் அது ஆகும்.