வானதூதர் கண்டிக்கவில்லை



இவ்வாரம் உங்கள் குடும்ப செபவேளையில் அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கர்மேல் மலையில் பாகாலின் 450 பொய்வாக்கினருக்கு முன் தனியொருவராய் நின்று வென்ற எலியா, அரசி ஈசபேலின் மிரட்டலைக் கேட்டதும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, சாவைத் தரும்படி இறைவனை மன்றாடுகிறார். பின் அப்படியே தூங்கிவிடுகிறார்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நம் வீடுகளில் சில பிள்ளைகள் இன்று அந்தச் செடியின் அடியில் இருக்கிறார்கள். நேற்றுவரை வகுப்பில் முன்னின்ற பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை, சோறு இறங்குவதில்லை, இரவில் உறக்கமில்லை. ஒருநாள் பாடசாலைப் பையில் மாவாப் பொட்டலம் அகப்படுகிறது. சிலர் கஞ்சா, ஐஸ் வரைக்கும் போய்விடுகிறார்கள். அதிபர் அழைப்பு அனுப்புகிறார். தகப்பன் அடிக்கிறார், தாய் மானம் போயிற்றே என்று அழுகிறார். பிறகு ஊருக்குத் தெரியாமல் வேறு பாடசாலைக்கு மாற்றுகிறோம். பழக்கமும் துயரமும் பிள்ளையோடு சேர்ந்தே பஸ் ஏறிப் போகின்றன.

எலியாவுக்கு இறைவன் செய்ததைப் பாருங்கள். வானதூதர் அவரைத் தொட்டு எழுப்பினார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி உறங்கவும் விட்டார். ஒரு கண்டிப்புச் சொல்லும் இல்லை. நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகே, இங்கே என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா தம் முறைப்பாட்டைச் சொல்கிறார். மறுபடி கேட்டபோதும் அதையே சொல்கிறார். ஆண்டவர் இருமுறையும் கேட்டுக்கொண்டார். அதன் பின்னரே ஒரு பணியையும், எலிசா என்ற துணையையும் கொடுத்தார்.

உளவளத்துணை என்பதும் இந்த ஒழுங்கே. யுத்தத்தைக் கண்ட பிள்ளைகளுக்காக 1996இல் நம் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. சேசுசபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதற்கு முன்னின்றார்கள். தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே ஒன்றாய்க் களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். வாயால் சொல்லமுடியாததற்கு அங்கே ஒரு வழி கிடைத்தது.

இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளை யுத்தத்தையோ 2004 சுனாமியையோ கண்டதில்லை. ஆனால் அவற்றைக் கண்டவர்களின் வீட்டிலேயே வளர்கிறது. வீட்டில் கசிப்புப் போத்தல் இருக்க, மாவாவுக்காக மகனை அடிப்பதில் என்ன நியாயம்?

"சுவாமி, இது பாவமல்லவா?" என்று கேட்பீர்கள். போதைப்பொருள் பாவிப்பது பாரதூரமான குற்றமென்றே 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. தற்கொலையைப் பற்றிப் பேசும் இடத்தில், கடும் உளப்பாதிப்பும் பெரும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்றும் அதே நூல் கூறுகிறது. ஆகவே ஒப்புரவு அருட்சாதனமும் வேண்டும், வைத்தியரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவைக்காதீர்கள்.

வளர்ந்தோரின் உளநோய்களில் பாதி 18 வயதளவிலேயே தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே காத்திருக்க வேண்டாம். பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரைச் சந்தியுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள கிருமிநாசினியை அன்றே அகற்றுங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. பிள்ளைக்குப் பேச வாய் திறக்கும்.

இன்றிரவு பிள்ளையின் பக்கத்தில் இருந்து ஒரு பிடி சோறு ஊட்டுங்கள். கேள்வி நாளைக்கு இருக்கட்டும். எலியாவைத் தொட்டு எழுப்பிய ஆண்டவர் உங்கள் பிள்ளையையும் எழுப்புவாராக. ஆமென்.